நரம்பு எது, எது நரம்பு இல்லை

பேச்சுத் தமிழில் நரம்பு என்ற சொல்லுக்கு வேலை அதிகம். புறங்கையில் பச்சையாக ஓடுவது நரம்பு. குளுக்கோஸ் ஏற்ற நர்ஸ் தட்டித் தட்டித் தேடுவது நரம்பு. கெண்டைக்காலில் புடைத்து வளைந்து கிடந்தால் நரம்புச் சுருட்டு. காலையில் கழுத்தைத் திருப்ப முடியவில்லையென்றால் நரம்பு பிசகிவிட்டது. இவற்றில் ஒன்றுகூட நரம்பு இல்லை. முதல் மூன்றும் சிரைகள், அதாவது இரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய்கள். நரம்புச் சுருட்டு என்பது அந்தச் சிரைக்குள் இருக்கும் வால்வுகள் கெட்டு இரத்தம் கீழே தேங்குவது. கழுத்துப் பிடிப்பு பெரும்பாலும் தசையின் இறுக்கம்.

சொல்லைக் குறை சொல்லவில்லை. யாழில் கட்டியது நரம்பு, இலையில் ஓடுவது நரம்பு. இழைபோல இருந்ததையெல்லாம் நரம்பு என்றே சொல்லிவந்திருக்கிறோம். மருத்துவரிடம் போய் “நரம்பு இழுக்குது” என்று சொல்லும்போதுதான் சிக்கல். சொல்பவர் மனத்தில் ஒன்று, கேட்பவர் மனத்தில் வேறொன்று. அதனால் முதலில் சிரை, தசைநாண், உண்மையான நரம்பு மூன்றையும் தொட்டுப் பார்த்துவிடுவோம்.

கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் ஒட்டிவைத்து மணிக்கட்டைச் சற்று உள்பக்கம் மடக்குங்கள். நடுவில் கயிறுபோல எழும்பி நிற்பது தசைநாண், தசையை எலும்போடு கட்டும் நார். (சிலருக்கு அந்தக் கயிறு பிறவியிலேயே இருக்காது. அதனால் குறையொன்றும் இல்லை.) அதன் பக்கத்தில் நீலமாகத் தெரிவது சிரை. உண்மையான நரம்பு அந்தக் கயிற்றுக்கு அடியில் ஒளிந்து ஓடுகிறது, கண்ணுக்குத் தெரியாது.

தொட வேண்டுமென்றால் முழங்கைக்குப் போக வேண்டும். முழங்கையைப் பாதி மடக்கி, உள்பக்கம் துருத்தும் எலும்புக்கும் முழங்கை முனைக்கும் நடுவே உள்ள பள்ளத்தில் விரலை வைத்து மெல்ல உருட்டுங்கள். வழுவழுப்பான, சற்றுத் தடித்த கயிறு ஒன்று விரலடியில் நழுவும். கொஞ்சம் அழுத்தினால் சுண்டுவிரல்வரை ஜிவ்வென்று ஓடும். கதவில் முழங்கையை இடித்துக்கொண்டு “கரண்ட் அடிச்ச மாதிரி” என்கிறோமே, அது இந்த நரம்புதான். பெயர் அல்நார் நரம்பு. எலும்புக்கும் தோலுக்கும் நடுவில் மெத்தை இல்லாமல் கிடக்கும் இடம் இது, அதனால்தான் இங்கே அடி நேராக நரம்பில் விழுகிறது. சுண்டுவிரலும் மோதிரவிரலில் பாதியும் இதன் எல்லை. கட்டைவிரல், ஆட்காட்டி விரல், நடுவிரல், மோதிரவிரலின் மறுபாதி ஆகியவை மணிக்கட்டுக் கயிற்றுக்கு அடியில் ஓடும் மீடியன் நரம்பின் எல்லை. கை மரத்துப்போகிறது என்று வருபவரிடம் எந்த விரல் என்று கேட்டாலே பாதி விடை கிடைத்துவிடும். நள்ளிரவில் முதல் மூன்று விரல் மரத்து, எழுந்து கையை உதறினால் சரியாகிறது என்றால் மணிக்கட்டில் நெரிசல். செல்போனைக் காதில் வைத்து நெடுநேரம் பேசியபின் சுண்டுவிரல் மரத்தால் முழங்கையில் நெரிசல். ஐந்து விரலும் ஒரேயடியாக, முழுக்கையுமாக மரத்தால் வேறெங்கோ தேட வேண்டும்.

அந்த முழங்கைப் பள்ளத்தைத் தொழுநோய் பார்க்கும் மருத்துவர்கள் எப்போதும் தொட்டுப் பார்ப்பார்கள். தொழுநோய்க் கிருமிக்கு உடலின் குளிர்ந்த பகுதிகள்தான் பிடிக்கும். தோலுக்கு அருகே ஓடும் நரம்புகள் அதற்கு வாகான இடம். நரம்பு தடித்து, உணர்ச்சி போய், பிறகு விரல்கள் மடங்கிப்போகும். கொல்லிமலையில் 1914இல் பிறந்து, வேலூர் சிஎம்சியில் பணிபுரிந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயாளியின் விரல்கள் நோயால் தாமாக அழுகி உதிர்வதில்லை என்பதை நிறுவியவர். வலி தெரியாததால் சூட்டுப் பாத்திரத்தைப் பிடிக்கிறார், காயத்தோடு வேலை செய்கிறார், புண் ஆழமாகிறது, எலும்பு கரைகிறது. வலி இல்லாமல் இருப்பது எவ்வளவு பெரிய ஆபத்து என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடையாது.

சரி, வலி எப்படி ஓடுகிறது? இருட்டில் நடந்து வாசற்படியில் கால் சுண்டுவிரலை இடித்துக்கொள்கிறீர்கள். நிதானமாகக் கவனித்தால் மூன்று செய்தி வரிசையாக வந்து சேரும். முதலில் இடித்தது தெரியும், வலிக்காது. அடுத்த கணம் சுரீர் என்று ஒரு கூர்மையான வலி. “அய்யோ, இப்போது வரும்” என்று பல்லைக் கடித்துக்கொள்ள நேரம் கொடுத்துவிட்டு, ஒரு நொடி கழித்து விண்விண்ணென்று எரிச்சலோடு இரண்டாவது வலி. மூன்றும் ஒரே அடியிலிருந்து கிளம்பியவை. பயணித்த வண்டிதான் வேறு.

ஒரு நரம்பு என்பது ஒரே கம்பி இல்லை. பல ஆயிரம் இழைகளைக் கட்டுக்கட்டாகக் கட்டி, ஒவ்வொரு கட்டுக்கும் ஓர் உறை போட்டு, மொத்தத்துக்கும் மேலுறை போட்ட கேபிள். அதற்குள் தடித்த இழையும் உண்டு, மெல்லிய இழையும் உண்டு. தொடுவுணர்ச்சியைத் தூக்கிப்போகும் இழைகள் தடித்தவை, மையலின் என்ற கொழுப்பு உறை சுற்றியவை. நொடிக்கு 30 முதல் 70 மீட்டர் ஓடும். கூர்வலி இழைகளுக்கு மெல்லிய உறை. நொடிக்கு 5 முதல் 30 மீட்டர். எரிச்சல் வலிக்கான இழைகளுக்கு மையலின் உறையே கிடையாது. நொடிக்கு அரை மீட்டர் முதல் 2 மீட்டர், நாம் நடக்கும் வேகம். கால்விரலிலிருந்து இடுப்புவரை சுமார் ஒரு மீட்டர். கணக்குப் போட்டால் தொட்டது சுமார் 0.02 நொடியிலும், சுரீர் வலி 0.1 நொடிக்குள்ளும், எரிச்சல் ஒரு நொடியிலும் வந்துசேரும். நீங்கள் உணர்ந்த வரிசை அதேதான்.

இழைக்குள் ஓடுவதை மின்சாரம் என்று சொல்வது வழக்கம். வீட்டு வயரில் ஓடுவதுபோல் எலெக்ட்ரான் ஓடுவதில்லை. நரம்பிழையின் சவ்வுக்கு வெளியே சோடியம் அதிகம், உள்ளே பொட்டாசியம் அதிகம். மூன்று சோடியத்தை வெளியே தள்ளி இரண்டு பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும் பம்ப் ஒன்று ஓயாமல் வேலைசெய்து இந்த ஏற்றத்தாழ்வைக் காப்பாற்றுகிறது. ஓய்வில் உள்பக்கம் வெளிப்பக்கத்தைவிட சுமார் 70 மில்லிவோல்ட் குறைவு. தூண்டல் வந்து அந்தக் குறைவு 55 அளவுக்குச் சுருங்கினால் போதும், சோடியம் கதவுகள் திறந்துகொள்ளும். சோடியம் உள்ளே பாயும். அந்த இடம் மட்டும் ஒரு மில்லி நொடிக்குத் தலைகீழாகும். அது பக்கத்துக் கதவுகளைத் திறக்கும். சீட்டுக்கட்டை வரிசையாக நிற்கவைத்துத் தள்ளுவதுபோலப் போய்க்கொண்டே இருக்கும். பலமாக இடித்தாலும் மெதுவாக இடித்தாலும் ஒவ்வொரு துடிப்பும் ஒரே அளவுதான். பலமாக இடித்தால் நொடிக்கு எத்தனை துடிப்பு, எத்தனை இழை என்பது கூடும். மையலின் உறை உள்ள இழையில் கதவுகள் உறைக்கு இடையிலான சின்ன இடைவெளிகளில்தான் குவிந்திருக்கின்றன. துடிப்பு இடைவெளிக்கு இடைவெளி தாவுகிறது. வேகத்தின் ரகசியம் அவ்வளவுதான். இந்தக் கதவுக் கணக்கை ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1952இல் கணவாய் மீனின் பெரிய நரம்பிழையில் அளந்து எழுதினார்கள். 1963இல் நோபல் பரிசு கிடைத்தது. பல் பிடுங்கும்முன் போடும் லிக்னோகேய்ன் ஊசி செய்வது இந்தச் சோடியம் கதவை அடைப்பதுதான். மெல்லிய வலி இழைகள் முதலில் அடங்கும், தடித்த இழைகள் தாக்குப்பிடிக்கும். அதனால்தான் ஊசிக்குப் பிறகும் மருத்துவர் இழுப்பதும் அழுத்துவதும் தெரிகிறது, வலி மட்டும் தெரிவதில்லை. பயந்துபோய் “மரக்கவில்லை” என்று கையைத் தட்டிவிடுபவர்கள் உண்டு.

இடித்த விரலை உடனே கையால் தேய்த்துவிடுகிறோமே, அதற்கும் காரணம் இருக்கிறது. தேய்க்கும்போது கிளம்பும் தொடுவுணர்ச்சி, தண்டுவடத்தின் வாசலில் வலி இழையின் செய்தியை அமுக்கிவைக்கிறது. மெல்சாக், வால் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1965இல் வாயிற்கதவுக் கொள்கை என்று இதை விளக்கினார்கள். பாட்டிமார்களுக்குக் கொள்கை தெரியாது, தேய்க்கத் தெரியும்.

அந்தக் கால்விரலின் தொடு இழைக்குச் சொந்தக்காரர் யார் என்று பார்த்தால் வியப்பாக இருக்கும். இழைக்கு உயிர் கொடுக்கும் செல், விரலில் இல்லை, மூளையிலும் இல்லை. முதுகெலும்பின் அடிப்பகுதியில், தண்டுவடத்துக்கு வெளியே ஒரு சின்ன முடிச்சில் இருக்கிறது. அந்த ஒரே செல்லின் ஒரு கை கால்விரல்வரை, மறுகை கபாலத்தின் அடிவரை, நடுவில் எங்கும் ஆள் மாறாமல் நீள்கிறது. மொத்தம் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர். செல்லின் உடலோ ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு. உரிக்காத தேங்காய் அளவுக்கு அதைப் பெரிதாக்கினால், அதன் இழை 4 செ.மீ. தடிமனும் 6 கிலோமீட்டர் நீளமும் உள்ள குழாயாக இருக்கும். அந்தக் கடைசி முனையில் ஒரு பழுது என்றால் பொருள் இங்கிருந்துதான் போக வேண்டும். உள்ளே சரக்கு ஏற்றிச்செல்லும் வேகமான வண்டிக்கே ஒரு நாளைக்கு 40 செ.மீ.தான், கால்விரலுக்கு இரண்டு மூன்று நாள் பயணம்.

சர்க்கரை நோய் ஏன் பாதத்தில் ஆரம்பிக்கிறது என்பது இங்கே விளங்கிவிடும். சர்க்கரை எல்லா நரம்பையும்தான் கெடுக்கிறது. நீளமான இழைக்கு எதிர்த்து நிற்க வலு குறைவு, ஆகவே அதன் கோடிமுனை முதலில் விழுகிறது. விரல்நுனி, பிறகு பாதம், கணுக்கால் என்று மேஜோடு போட்டாற்போல மரப்பு ஏறும். முழங்காலை நெருங்கும்போது கைவிரல் நுனியில் ஆரம்பிக்கும், ஏனென்றால் நீளக் கணக்கு அங்கேதான் சமமாகிறது. ஒரு காலில் மட்டும் மரத்தால் அது பெரும்பாலும் சர்க்கரையின் வேலை இல்லை. இடுப்பில் முள்ளெலும்புகளுக்கு நடுவே உள்ள வட்டு (டிஸ்க்) நரம்பை அழுத்துகிறதா என்று பார்க்க வேண்டும்.

இதை வீட்டிலேயே சோதிக்க இப்ஸ்விச் தொடுசோதனை என்று ஒன்று உண்டு, கருவி வேண்டாம். சோதிக்கப்படுபவர் கண்ணை மூடிப் படுத்துக்கொள்ள வேண்டும். இரண்டு பாதத்திலும் கட்டைவிரல், நடுவிரல், சுண்டுவிரல் ஆகியவற்றின் நுனியை, மொத்தம் ஆறு இடத்தை, ஆட்காட்டி விரலால் இறகு பட்டாற்போல ஒன்றிரண்டு நொடி தொட வேண்டும். தொட்டால் வலதா இடதா என்று அவர் சொல்ல வேண்டும். குத்தக் கூடாது, தட்டக் கூடாது, தெரியவில்லை என்றால் இன்னொரு முறை அழுத்தித் தொட்டுப் பார்க்கவும் கூடாது. தவறு பெரும்பாலும் இங்கேதான் நடக்கிறது. பிள்ளைகள் பாசத்தில் அழுத்திவிடுவார்கள், அப்பா “தெரியுது” என்பார், சோதனை வீண். ஆறில் இரண்டோ அதற்கு மேலோ தெரியவில்லை என்றால் பாதத்தில் காப்புணர்ச்சி குறைந்துவிட்டது. அதற்குப் பிறகு வெந்நீரைக் காலால் பதம் பார்க்கக் கூடாது, முழங்கையால் பார்க்க வேண்டும். செருப்புக்குள் கைவிட்டுப் பார்த்த பிறகே மாட்ட வேண்டும். சித்திரை வெயிலில் கோயில் பிராகாரத்துக் கருங்கல்லில் வெறுங்காலோடு சுற்றுவது இவர்களுக்கு ஆகாது; கொப்புளம் வந்ததே இரவில் மேஜோடு ஈரமானபோதுதான் தெரியும்.

இதே மரப்பு வைட்டமின் பி12 குறைவாலும் வரும். பால் தயிரும் குறைவாகச் சேர்க்கும் சைவ உணவுக்காரர்கள், பல ஆண்டாக மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை எடுப்பவர்கள் இருவருக்கும் வாய்ப்பு அதிகம். ஆக, சர்க்கரை உள்ள சைவர் ஒருவரின் கால் எரிச்சலைச் சர்க்கரைமீது மட்டும் போட்டுவிடுவது அவசரம். ஒரு இரத்தப் பரிசோதனை முடிவைச் சொல்லிவிடும். பி12 குறைவில் தண்டுவடத்தின் பின்பக்கப் பாதைகளே கெடுகின்றன. கால் எங்கே இருக்கிறது என்ற செய்தி மேலே போகாது. பட்டப்பகலில் நன்றாக நடப்பவர், வாஷ்பேசினில் கண்ணை மூடி முகத்தில் தண்ணீர் அடிக்கும்போது தள்ளாடுவார். கண் அதுவரை கால் செய்ய வேண்டிய வேலையையும் சேர்த்துச் செய்துகொண்டிருந்தது என்று பொருள். இன்னொன்று: பி12 குறைவு இருக்கும்போது ஃபோலிக் அமிலத்தை மட்டும் கொடுத்தால் இரத்தச் சோகை சரியானதுபோல் காட்டும், நரம்புச் சேதம் உள்ளே தொடரும்.

முதுகெலும்பையும் தண்டுவடத்தையும் ஒன்றாக நினைப்பது அடுத்த குழப்பம். முதுகெலும்பு எலும்புக் கோபுரம். தண்டுவடம் அதற்குள் தொங்கும், சுண்டுவிரல் தடிமனுள்ள மென்மையான வடம். அதன் நீளம் சுமார் 45 செ.மீ.தான். வளர்ந்தவர்களுக்கு முதலாவது அல்லது இரண்டாவது இடுப்பு முள்ளெலும்போடு முடிந்துவிடும். அதற்குக் கீழே, குதிரை வால்போல நரம்பு வேர்கள் மட்டும் தண்ணீரில் மிதந்துகொண்டிருக்கும். மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்த அந்தத் தண்ணீர் எந்த நேரத்திலும் சுமார் 150 மில்லிதான், ஆனால் ஒரு நாளில் அரை லிட்டர் ஊறி வடிகிறது. வடத்திலிருந்து இருபுறமும் 31 ஜோடி நரம்புகள் கிளம்புகின்றன: கழுத்தில் 8, மார்பில் 12, இடுப்பில் 5, திருகெலும்பில் 5, வாலெலும்பில் 1. மூளையிலிருந்து நேராகக் கிளம்புபவை தனியாக 12 ஜோடி.

சிசேரியனுக்கு முதுகில் போடும் ஊசிமீது நம்மூரில் உள்ள வெறுப்பைப் போக்க இந்த உடற்கூறு ஒன்றே போதும். இரண்டு இடுப்பு எலும்பின் உச்சியையும் கோட்டால் இணைத்தால் நான்காவது இடுப்பு முள்ளெலும்பு கிடைக்கும். ஊசி அதற்கு மேலோ கீழோ உள்ள இடைவெளியில் இறங்குகிறது. அங்கே தண்டுவடமே இல்லை. ஊசி நுனி வந்தால் மிதக்கும் வேர்கள் விலகிக்கொடுக்கும். பின்னால் வருகிற நாள்பட்ட இடுப்புவலிக்குக் காரணம், கருவுற்றபோது தளர்ந்த மூட்டு நார்கள், பலமிழந்த வயிற்றுத் தசை, குனிந்து உட்கார்ந்து பால் கொடுப்பது. ஊசியால் உண்மையிலேயே வரக்கூடியது தலைவலி: ஓட்டை வழியாக நீர் கசிவதால், உட்கார்ந்தால் கூடும், படுத்தால் குறையும். மெல்லிய ஊசி வந்தபின் இது வெகுவாகக் குறைந்துவிட்டது.

அந்தக் குதிரைவால் நெரிந்தால் மட்டும் கதையே வேறு. இடுப்புவலிக்காரருக்குச் சிறுநீர் முட்டுவதே தெரியாமல் போவது, சைக்கிள் சீட்டில் படும் பகுதி மரத்துப்போவது, இரண்டு காலும் தளர்வது: இவற்றில் ஒன்று வந்தாலும் எண்ணெய் தேய்த்துக்கொண்டு இரண்டு நாள் பார்ப்போம் என்று இருக்கக் கூடாது. அன்றைக்கே ஆஸ்பத்திரி.

தண்டுவடம் வெறும் கேபிள் பாதையும் அல்ல. சூட்டுக் கல்லில் கை பட்டதும் கை தானாகப் பின்வாங்குவது தண்டுவடத்தின் சொந்த முடிவு. மூளைக்குத் தகவல் பிறகுதான். முழங்கால் சிப்பிக்குக் கீழே சுத்தியலால் தட்டினால் கால் உதறுவதும் அப்படியே: தட்டும்போது தொடைத்தசை ஒரு கணம் இழுபடுகிறது, அந்தச் செய்தி மூன்றாவது, நான்காவது இடுப்பு நரம்பு வழியாக வடத்துக்குப் போய் ஒரே ஒரு சந்திப்பைத் தாண்டி அதே தசைக்குத் திரும்புகிறது. உதறவே இல்லையென்றால் இந்தச் சுற்றில் எங்கோ அறுந்திருக்கிறது. அளவுக்கு மீறி உதறினால் சுற்று சரி, அதை அடக்கிவைக்கும் மூளையின் கடிவாளம்தான் அறுந்திருக்கிறது. ஐந்து ரூபாய் ரப்பர் சுத்தியல் என்று கேலி செய்வார்கள். பழுது மேலேயா கீழேயா என்று அது சொல்லும் அளவுக்குப் பல ஸ்கேன்கள் சொல்லாது.

மூளைக்கும் உடலுக்கும் இடையே போகும் வழியில் பாதைகள் பக்கம் மாறுகின்றன. வலது உடலை இடது மூளையும் இடது உடலை வலது மூளையும் பார்த்துக்கொள்வது இதனால்தான். மூளை சுமார் 1.3 அல்லது 1.4 கிலோ, 8,600 கோடி அளவுக்கு நியூரான்கள். அதில் பெரும்பங்கு பெருமூளையில் இல்லை, பின்னால் ஒதுங்கிக் கிடக்கும் சிறுமூளையில். மொத்த மூளையும் உடல் எடையில் ஐம்பதில் ஒரு பங்காக இருந்துகொண்டு, ஓய்வில் இருக்கும் உடலின் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கைத் தின்கிறது. சேமிப்பு கிடையாது, அன்றாடங்காய்ச்சி. இரத்தம் நின்றால் சில நிமிடங்களிலேயே செல்கள் சாகத் தொடங்குவது அதனால்தான்.

வாய் ஒரு பக்கம் கோணிப்போனால் அது பக்கவாதமா, முகவாதமா? முகத்தின் கீழ்ப்பாதிக்கு எதிர்ப்பக்க மூளையிலிருந்து மட்டும் கட்டளை வருகிறது. நெற்றிக்கோ இரண்டு பக்க மூளையும் கட்டளை அனுப்புகிறது. மூளையில் அடைப்பு என்றால் வாய் கோணும், நெற்றி தப்பிக்கும். புருவத்தை உயர்த்தச் சொன்னால் இருபுறமும் கோடு விழும். காதுக்குப் பின்னால் ஓடும் முகநரம்பே வீங்கிவிட்டால் அந்தப் பக்கத்து நெற்றியும் அசையாது, கண்ணையும் மூட முடியாது. ஆனால் இதை வைத்து வீட்டிலேயே தீர்ப்பு எழுத வேண்டாம். கை தளர்கிறதா, பேச்சு குழறுகிறதா என்றும் பார்த்து, எதுவாக இருந்தாலும் 108ஐக் கூப்பிடுவதே சரி. மூளைத்தண்டு அடைப்பு முகநரம்பைப் போலவே வேடம் போடும். அடைத்த இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்குப் பொதுவாக 4.5 மணி நேரம்தான் கெடு. அந்தக் கடிகாரம் நீங்கள் பார்த்த நேரத்திலிருந்து ஓடாது, அவர் கடைசியாக நன்றாக இருந்த நேரத்திலிருந்து ஓடும். ஆகவே அந்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். வாயில் தண்ணீர், மாத்திரை எதுவும் ஊற்றாதீர்கள். விழுங்கும் தசையும் தளர்ந்திருந்தால் நுரையீரலுக்குள் போகும். அடைப்பா, இரத்தக் கசிவா என்று சி.டி. ஸ்கேன் பார்க்காமல் எந்த மருத்துவரும் கரைக்கும் ஊசி போட மாட்டார்.

இங்கேதான் “நரம்புத் தளர்ச்சி”யையும் பேசிவிட வேண்டும். சுவர் விளம்பரத்திலும் லாட்ஜ் அறை வைத்தியத்திலும் வாழும் நோய் இது; மருத்துவப் பாடத்தில் இப்படி ஒன்று கிடையாது. யாழ் நரம்புதான் தளரும், முறுக்கேற்றலாம். உடல் நரம்பு இழுத்துக் கட்டிய கம்பி இல்லை. கை நடுங்குகிறது என்பதே பெரும்பாலும் அந்தப் பெயருக்குள் ஒளிந்திருப்பது. எப்போது நடுங்குகிறது என்று பாருங்கள். மடியில் சும்மா கிடக்கும் கை நடுங்கி, டம்ளரை எடுக்கப் போனதும் அடங்கினால் பார்க்கின்சன் நோயை நினைக்க வேண்டும். சும்மா இருக்கும்போது ஒன்றுமில்லை, காபி டம்ளரைத் தூக்கிப் பிடித்தால் ஆடுகிறது, அப்பாவுக்கும் இப்படித்தான் என்றால் அது பரம்பரை நடுக்கம். டம்ளர் உதட்டை நெருங்க நெருங்க ஆட்டம் பெரிதாகிச் சிந்தினால் சிறுமூளையில் பழுது. விரலை நீட்டினால் மெல்லிய, வேகமான நடுக்கம், கூடவே எடை குறைவு, படபடப்பு என்றால் தைராய்டு. ஆஸ்துமா மருந்தும் இதைச் செய்யும். நான்குக்கும் மருந்து வேறு வேறு; லேகியம் எதற்கும் இல்லை.

மூளையின் கட்டளை திரும்பி வரும் பாதையில் கடைசி இடைவெளி ஒன்று உண்டு. நரம்பு முனை தசையைத் தொடுவதில்லை. ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான அந்தச் சந்தில் துடிப்பு அசிட்டைல்கோலின் என்ற பொருளாக மாறிக் குதிக்கிறது. தசை அதைப் பிடித்துச் சுருங்குகிறது. உடனே ஒரு நொதி வந்து அதைச் சிதைத்துச் சந்தைத் துடைத்துவிடுகிறது. நம் வயல்வெளியின் இரண்டு பெரிய நஞ்சுகள் குறிவைப்பது இந்தச் சந்தைத்தான். பாஸ்பரஸ் வகைப் பூச்சிமருந்துகள் நொதியைக் கட்டிப்போடும். அசிட்டைல்கோலின் குவிந்து எச்சில், கண்ணீர், வியர்வை வழியும், கண்பாவை ஊசிமுனையாகச் சுருங்கும், தசை துடித்துத் துடித்து ஓயும். நல்லபாம்பு விஷம் மறுகரையில் தசையின் பிடிமானத்தை அடைக்கும். நொதியைத் தடுத்து அசிட்டைல்கோலினைக் கூட்டும் நியோஸ்டிக்மின் ஊசி ஓரளவு கைகொடுக்கும். கட்டுவிரியன் விஷம் இந்தக் கரையில் நரம்பு முனையையே சிதைக்கும், அங்கே அந்த ஊசி அவ்வளவாகப் பலிக்காது.

கட்டுவிரியன் கடி வலிப்பதும் குறைவு, தடமும் தெரியாது. தரையில் படுத்தவர் விடியற்காலை வயிற்றுவலி என்று எழுவார், அஜீரணம் என்று சோடா குடிப்பார். இமை கனத்து இறங்கும்; பேச்சு மூக்கால் வரும்; எச்சிலை விழுங்க முடியாது; கடைசியில் மூச்சுத் தசை நிற்கும். இமை இறங்கியதுமே கடிபட்ட கை காலை அசைக்காமல், இறுக்கிக் கட்டாமல், கீறாமல், விஷமுறிவு மருந்தும் வென்டிலேட்டரும் உள்ள ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். முனை புதிதாக வளரும்வரை, சில நாள், எந்திரம் மூச்சு விட்டுக்கொடுத்தால் போதும். அப்போது கண்பாவைகூட அசையாமல் கிடப்பவருக்கு அறையில் பேசுவதெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கலாம். மூளைக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த விஷமுறிவு மருந்துக்கு வேண்டிய விஷத்தை, மாமல்லபுரத்துக்கு அருகே வடநெம்மேலியில் 1978இல் தொடங்கிய இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துக்கொடுக்கிறது.

நாம் கேட்காமலே ஓடும் நரம்புகளைப் பற்றிச் சுருக்கமாக. இதயம், குடல், கண்பாவை ஆகியவற்றை இவற்றின் இரண்டு பிரிவுகள் எதிரெதிராக இயக்குகின்றன: இதயத்தை ஒன்று முடுக்கும், மற்றொன்று அடக்கும். இரத்தத்தைப் பார்த்ததும் மயங்கி விழுபவருக்கு அடக்கும் பக்கம் சட்டென்று ஓங்கி, துடிப்பு குறைந்து, கால் குழாய்கள் விரிந்து, மூளைக்கு இரத்தம் எட்டாமல் போகிறது. தரையில் விழுவதே அதற்குச் சிகிச்சை. சுற்றியிருப்பவர்கள் தூக்கி நாற்காலியில் உட்காரவைத்துத் தலையைப் பிடித்துக்கொண்டு அதைக் கெடுக்கிறார்கள். படுக்கவிட்டுக் காலைத் தூக்கிப் பிடியுங்கள்.

அறுந்த நரம்பு வளருமா என்பது எல்லோரும் கேட்கும் கேள்வி. தண்டுவடத்திலும் மூளையிலும் நடைமுறையில் வளராது. கை கால் நரம்பு வளரும். கண்ணாடி கிழித்து நரம்பு அறுந்தால், அறுந்த இடத்துக்குக் கீழே உள்ள இழையெல்லாம் செத்துக் கரைந்துவிடும்; அதன் வெற்று உறைகள் மட்டும் குழாயாக மிஞ்சும். அறுவை மருத்துவர் மைக்ரோஸ்கோப்பில் பார்த்து, தலைமுடியைவிட மெல்லிய நூலால் உறையோடு உறையை இணைக்கிறார். மேலிருந்து புது இழை அந்தக் குழாய்க்குள் நாளொன்றுக்கு சுமார் 1 மில்லிமீட்டர் இறங்கும். மணிக்கட்டில் அறுந்த அல்நார் நரம்பு உள்ளங்கைத் தசையை எட்ட 7, 8 செ.மீ.; மூன்று மாதம், ஆரம்பத் தாமதத்தையும் சேர்த்தால் நான்கு. அதே நரம்பு முழங்கைக்கு மேலே அறுந்தால் 35 செ.மீ.; ஒரு வருடத்துக்கும் மேல். கட்டளை வராத தசை ஒன்று, ஒன்றரை வருடத்தில் நாராகி, அதன்பின் நரம்பு வந்து சேர்ந்தாலும் பயன்படாது. ஒரே நரம்பு, ஒரே தையல், ஒருவருக்குப் பிடி திரும்புவதும் இன்னொருவருக்குத் திரும்பாததும் இந்தக் கணக்கால்தான். நடுவில் எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று பார்க்க ஸ்கேன் வேண்டாம். விரல் நுனியால் நரம்பின் பாதையில் கீழிருந்து மேலாக மெல்லத் தட்டிக்கொண்டே வாருங்கள். எந்த இடத்தில் சுண்டுவிரலுக்குள் ஜிவ்வென்று ஓடுகிறதோ, புது முனை அங்கே நிற்கிறது. பேனாவால் ஒரு புள்ளி வைத்துத் தேதி எழுதுங்கள். அடுத்த மாதம் அந்தப் புள்ளி 3 செ.மீ. கீழே இறங்கியிருக்க வேண்டும்.